புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்

எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் விருதுநகர்ப் பக்கம் அதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். நாலு பேர் கூடிய இடத்தில் பேசாமல் இருப்பவளைத்தான் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். அந்த வாயால்தான் நான் சொல்லப்போகும் அக்கா எனக்குப் பழக்கமானார். அதுவும் திட்டு வாங்கித்தான்.

நான் ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிது. பாகலூர் ரோட்டில் பெண்கள் விடுதி, காலையில் கம்பெனி பஸ், சூளகிரிக்குக் கொஞ்சம் முன்னால் ஃபேக்டரி, சாயந்திரம் அதே பஸ்ஸில் மறுபடி விடுதி. பேக்கிங் பிரிவில் எங்களுக்கு ஜெனரல் ஷிப்ட். பஸ் நிறையப் பெண்கள் ஸ்வெட்டர் போட்டு, தலையைச் சுற்றித் துண்டு கட்டி, கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவார்கள். அந்த ஊர்க் குளிர் எனக்குப் புதிது, தூக்கம் வராது. எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் ஓர் அக்கா காதில் ஒயர் மாட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டு வந்தார். பேசிக்கொண்டு வந்தார் என்பதுகூடத் தப்பு. ஒரு கேள்வி கேட்டார், அதற்குப் பிறகு பேசவே இல்லை.

"முதல் உலகப் போர் வர்றதுக்கு என்னென்ன காரணம்? சொல்லு பாப்பா."

அந்தப் பக்கம் பதில் வரவில்லை போலிருக்கிறது. பத்தலப்பள்ளி மார்க்கெட் முன்னால் தக்காளி வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் நின்றது, ஹாரன் அடித்தது, கிளம்பியது. அக்கா வாயைத் திறக்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தாவதில் நான் விழுந்து விழுந்து படித்த கேள்வி அது. எட்டிப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"நாடுங்க எல்லாம் கூட்டணி சேந்ததுன்னு ஆரம்பிக்கச் சொல்லுங்கக்கா!"

அக்கா திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"உன்ன யாரு கேட்டா?"

"இல்லக்கா, பாவம், தெரியலையேன்னு..."

"தெரியலன்னு அவ சொன்னாளா? யோசிச்சிட்டு இருக்கறா. நீ போட்டு ஒடச்சிட்ட. இப்ப அது உன் பதிலு, அவளுது இல்ல." ஒயரைச் சரி செய்துகொண்டு போனில் சொன்னார்: "பாப்பா, அத உடு. சாயந்தரம் வேற மாதிரி கேக்கறன்."

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கண் விழித்து என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் காதோரம் சொன்னாள்: "புதுசா நீ? அந்தக்கா பாடம் நடத்துறப்ப யாரும் வாயத் தொறக்கக் கூடாது. டிரைவருக்கே தெரியும்."

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி யாரும் பேசுவது அவருக்குப் பிடிக்காது. மூன்று பேர் ரூமில் சிரித்துக்கொண்டிருந்தால், நம்மைப் பற்றியோ என்று வெளியே போய்விடுவார். அவர் உலகத்தில் பேச்சு என்று இருந்தது காலையிலும் மாலையிலும் அந்த பஸ்ஸில் மட்டும்தான். ஃபேக்டரிக்குள் போன் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். விடுதி ரூமில் எட்டுக் கட்டில். ஒருத்தி சண்டை போடுவாள், ஒருத்தி பாட்டுக் கேட்பாள். அதனால் பஸ்தான் அவருக்கு வீடு, பள்ளிக்கூடம் எல்லாம்.

போனில் இருந்தது அவர் பெண். பாரூரில் பெரியப்பா வீட்டில் இருந்து பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பாரூர் நெல்லும் கரும்புமாய்ப் பச்சைப் பசேலென்ற ஊர் என்று கேள்வி. அக்காவின் கணவர் இறந்தபோது அந்தப் பெண் ஆறாவது. கணவருடைய அண்ணன் குடும்பம், பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ ஓசூருக்குப் போய்ச் சம்பாதி என்றது. நல்லவர்கள்தான். அக்கா அவர்களை ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை.

திட்டு வாங்கிய மறுநாள், விட்டதைப் பிடிக்கலாம் என்று அக்காவுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அதுதான் என் சீட்.

பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவர் படிக்கவைக்கும் முறை புரிந்தது. சாயந்திரம் விடுதியில் எல்லோரும் சீரியல் பார்க்கும்போது அவர் கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து பாடப் புத்தகத்தை வாசிப்பார். அவரே பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானவர். வார்டனின் மகள் படித்து முடித்த பழைய புத்தகங்களைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். மறுநாள் பஸ்ஸில் கேள்வி. முதல் கட்டளை எப்போதும் ஒன்றுதான்.

"புக்க மூடி வெச்சிட்டுச் சொல்லு."

பெண் ஏமாற்றப் பார்ப்பாள். அக்காவுக்குப் பாம்புக் காது. "தாளு பெரட்டற சத்தம் கேக்குது பாப்பா. மூடு." சில நாள் சத்தமே இல்லாமல் பதில் கடகடவென்று வரும். அப்போதும் கண்டுபிடித்துவிடுவார். "அப்பிடியே புக்குல இருக்கற மாதிரி சொல்ற. நீ பேசற மாதிரி சொல்லு. நம்ம எதுத்த வூட்டுக்காரிக்குச் சொல்றன்னு வெச்சிக்க."

திங்கட்கிழமை கேட்டதை வெள்ளிக்கிழமை மறுபடி கேட்பார். போன மாதம் கேட்டதை, இன்று சம்பந்தமே இல்லாமல் நடுவில் ஒன்று வீசுவார். அந்தப் பெண்ணின் முனகல் ஒயரைத் தாண்டி எனக்கே கேட்கும். "அதான் அன்னிக்கே சொன்னனேம்மா!" "அன்னிக்கி சொன்ன. இன்னிக்கி இருக்குதா பாக்கலாம்."

பதில் வராவிட்டால் எடுத்துக் கொடுக்க மாட்டார். முதல் எழுத்தைக்கூடச் சொல்ல மாட்டார். காத்திருப்பார். அதுதான் அவர். அதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக வேறொன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். அவரைப் போலக் காத்திருக்கத் தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைகள், கன்டெய்னர் லாரிகள், மலை. ஒரு அவசரமும் முகத்தில் இருக்காது. எப்போதாவது, "இன்னும் கோபசந்திரம் கூட வரல. நிதானமா யோசி" என்பார். பாரூரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கோபசந்திரம் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் என்று என்ன தெரியும்? ஆனாலும் அதற்குள் பதில் வந்துவிடும்.

அந்த மௌனத்தில் பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும். எங்கள் டிரைவர் பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "செப்பு தல்லி, செப்பு", சொல்லு தாயே சொல்லு என்று தனக்குள் முனகுவார். பதில் வந்தது என்று அக்காவின் தலையசைப்பைக் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் கியரை மாற்றுவார். மாரடைப்பு எதனால் வருகிறது, பருவக்காற்று எப்போது திரும்புகிறது என்பதெல்லாம் அந்த வருடம் எங்கள் பேக்கிங் லைன் முழுவதும் தெரியும். கணக்கு வந்தால் மட்டும் அக்கா, "எனக்கு அது தெரியாது. நீ எப்பிடிப் போட்டன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்பார். அந்தப் பெண் அம்மாவுக்குப் புரியவைக்கிறேன் என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லி, நடுவில் தானே நின்று, "ஐயோ, இங்க தப்பும்மா" என்பாள். அரையாண்டில் கணக்கில் குறைந்த மார்க் வந்தபோதுகூட அக்கா திட்டவில்லை. "எந்த எடத்துல நின்னுட்ட?" என்று மட்டும் கேட்டார். அந்த இடத்தை அவளையே தேட வைத்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னை எல்லாம் மார்க் வாங்கினால் அடி, வாங்காவிட்டால் அதைவிட அடி என்றுதான் வளர்த்தார்கள்.

இப்போது என் பையன் நாலாவது படிக்கிறான். நாளைக்குப் பரீட்சை என்றால் அவனை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறேன். அவன் மேலே பார்ப்பதற்குள் பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன். "எல்லாத்தையும் நீயே சொன்னா நான் எதுக்கும்மா?" என்கிறான் அந்தப் பயல். என்ன செய்ய, என் வாய் அப்படி.

ஆனால் ஒன்று. அக்காவின் அந்தப் பேச்சில் பாடத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது. முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு ஒருநாள் கேள்வி எல்லாம் முடிந்து, "சாப்டியா பாப்பா?" என்று அக்கா கேட்டபோது அந்தப் பக்கத்தில் இருந்து "ம்" என்றொரு சத்தம் மட்டும் வந்தது. "காய்ச்சல்னு பெரிம்மா சொன்னாங்களே?" அதற்கும் "ம்". "இந்த ஞாயித்துக்கெழம வர்றன்." அதற்கு அதுவும் இல்லை. வைத்துவிட்டாள். மண்ணின் வகைகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசிய அதே பிள்ளை.

"ஏன்க்கா இப்பிடி இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

சாயந்திரம் திரும்பும்போதுதான் சொன்னார்.

"நான் ஓசூருக்குக் கெளம்பன அன்னிக்கி அவகிட்ட சொல்லல. சொன்னா அழுவா, நானும் போவ மாட்டன்னு, அவ ஸ்கூலுக்குப் போனப்பறம் பைய எடுத்துட்டு வந்துட்டன். சாயந்தரம் வந்து தேடியிருக்கறா. கெணத்துப் பக்கமெல்லாம் போய்த் தேடியிருக்கறா. அப்பறம்தான் பெரிம்மா சொல்லியிருக்கறாங்க."

ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே, "அதுலேருந்து எங்கிட்ட பேசறதில்ல. நேர்ல போனாலும் மாட்டுக் கொட்டாய்ல போய் நின்னுக்குவா. போன வருசம் ஒருநா, சும்மா, 'இன்னிக்கி ஸ்கூல்ல என்ன நடத்துனாங்க'ன்னு கேட்டன். சொன்னா. அத வுட்டா எனக்கு வேற வழி இல்ல" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அது மார்க்குக்காக மட்டும் இல்லை. பெற்ற பிள்ளையின் குரலைக் கேட்க அவருக்கு இருந்த ஒரே வழி பாடப் புத்தகம். நல்ல மார்க் எடுத்தால் பத்தாவது முடிந்ததும் ஓசூரில் ஒரு வீடு பிடித்து, இங்கேயே பிளஸ் ஒன் சேர்த்து, தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. பெண் வருவாளா என்பதுதான் கேள்வி. எல்லாக் கேள்வியும் கேட்டவர் அதை மட்டும் அவளிடம் கேட்கவே இல்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பத்தலப்பள்ளி போயிற்று, கோபசந்திரம் போயிற்று. பதில் வந்ததாகத் தெரியவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கேட் வரப் போகிறது. தற்செயலாக அவர் மடியில் இருந்த போனைப் பார்த்தேன். லைன் எப்போதோ கட்டாகியிருந்தது. அவர் அது தெரியாமல், ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். மெதுவாகத் தொட்டுச் சொன்னேன். போனைப் பார்த்தார், "சிக்னல் இல்லபோல" என்று ஒயரைச் சுருட்டினார். அவ்வளவு ஆட்கள் நிறைந்த பஸ்ஸில் அவ்வளவு தனியாக ஒருத்தர் இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பரீட்சை நெருங்கியதும் புதிதாக ஒன்றும் கேட்பதை நிறுத்திவிட்டார். தடுமாறிய இடங்களை மட்டும் தட்டிப் பார்ப்பார். கடைசி இரண்டு நாள் அதுவும் இல்லை. "போதும். தலைக்குத் தண்ணி ஊத்திக்க, படுத்துத் தூங்கு" என்று வைத்துவிட்டார். பரீட்சை எழுதிவிட்டு வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. பஸ்ஸே கேட்கச் சொல்லிக் கெஞ்சியது. "முடிஞ்சதக் கேட்டு என்ன ஆவப்போவுது? அடுத்ததப் பாக்கட்டும்" என்றார்.

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் பஸ்ஸில் ஒயரை எடுத்துக் காதில் மாட்டினார். கேட்க ஒன்றும் இல்லை. கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்.

ரிசல்ட் வந்தது. பாரூர் பள்ளியிலேயே அவள்தான் முதல். டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார், என்னவோ தன் பெண் பாஸானதைப் போல. அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை ஏன் அடக்கி அடக்கிச் சிரித்தார் என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ரிசல்ட்டுக்கு முன்பே விடுதியைக் காலி செய்துவிட்டு, ஒரு ரூமும் சமையல்கட்டும் உள்ள சின்ன வீடு பிடித்திருந்தார். சாமான் தூக்கி வைக்க நான்தான் போனேன். பெண்ணுக்கென்று ஜன்னல் பக்கம் ஒரு மேஜை. பெரியப்பா லீவுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நான் அன்றைக்குத்தான் அவளை முதல்முதலாகப் பார்த்தேன். ஒல்லியாக, அம்மாவின் கண்களோடு. அம்மாவைப் போலவே பேசாமல் இருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் மட்டும் பேசிப் பேசி வாய் வலித்தது.

என்னிடம் சீக்கிரமே ஒட்டிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தானாகவே சிரித்தாள்.

"அக்கா, அம்மா வெச்சிருந்தது பழைய புக்கு. சோசியல்ல ஒரு பாடத்த இப்ப எடுத்துட்டாங்க. எங்களுக்கு இல்லவே இல்ல. அம்மா அதுல கேள்வி கேட்டுட்டே இருந்தாங்க."

"அய்யய்யோ! நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அப்பறம் அதுல கேள்வி கேக்க மாட்டாங்கல்ல. எங்க தெருவுல ஒரு அக்காட்ட பழைய புக்க வாங்கிப் படிச்சிச் சொன்னன்." ஈரத் துண்டை உதறிக்கொண்டே, "பெரிய பாடம்க்கா அது. அம்மாகிட்டேருந்து நெறைய கேள்வி வந்துச்சு" என்றாள்.

இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? படி இறங்கி ஓடினேன். சமையல்கட்டில் அக்காவிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கரண்டியோடு அப்படியே நின்றார். பெண் தன்னோடு பேசுவதற்காகவே பரீட்சைக்கு இல்லாத பாடத்தைப் படித்திருக்கிறாளே என்று உருகுவார் என்று பார்த்தால், முகம் வெளிறிவிட்டது.

"தேவையில்லாதத படிக்க வெச்சிட்டனா? பரீட்ச நேரத்துல? எவ்ளோ நேரம் வீணாப் போயிருக்கும்?"

"அக்கா, உங்களுக்கு நெசமாவே புரியலையா?"

"இன்னும் நல்ல மார்க் வந்திருக்கும்" என்றார் அவர், அடுப்பைப் பார்த்து. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

அடுத்த வாரமோ என்னவோ பாரூர் தலைமை ஆசிரியை போன் செய்தார். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு அரசுப் பள்ளி, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை எடுத்து விடுதியிலேயே வைத்துப் படிக்கவைக்கிறார்கள், உங்கள் பெண்ணுக்கு இடம் கிடைக்கும் என்றார். வார நாட்களில் போன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுதிப் போனில் பேசலாம். அக்கா போனைப் பெண்ணிடமே கொடுத்துவிட்டார். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

பிறகு சில நாள் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கா ஷிப்டுக்கு வந்தார், போனார். நான் பஸ்ஸில் கேட்டால், "யோசிக்கறா" என்பார்.

ஒரு சாயந்திரம் அவர்கள் வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பெண் மாடியில் இருந்தாள். அக்காவின் போன் அடித்தது. பார்த்தால் அவள்தான், மேலே இருந்து. பெரியப்பா வாங்கிக் கொடுத்த போன். அக்கா காதில் வைத்தார். எதிரில் நின்றால் பேச்சு வராது அந்த இரண்டு பேருக்கும். போன் இருந்தால்தான் வரும். மாடியில் பேசுவது ஜன்னல் வழியாகவும் கேட்டது, போன் வழியாகவும் கேட்டது.

"அம்மா, நான் அந்த ஸ்கூல்லயே சேந்துக்கறன்."

அக்கா குழம்பைக் கிளறுவதை நிறுத்தினார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு வார்த்தை. இரு என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பக்கமும் பெண் போனை வைக்கவில்லை.

"சரி பாப்பா," என்றார் அக்கா.

மேலே கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வைத்துவிட்டாள்.

நான் பூண்டைத் தட்டோடு தள்ளிவிட்டு எழுந்தேன். "ஏன்க்கா, இருன்னு சொன்னா என்ன? அவளுக்காகத்தான இம்புட்டும்? மேஜ, வீடு எல்லாம்?"

"சத்தமாப் பேசாத, கேக்கும்."

"கேக்கட்டும்!"

"அன்னிக்கி அவள ஒரு வார்த்த கேக்காம நானே முடிவு பண்ணன். அவ கெணத்துல எட்டிப் பாத்திருக்கறா." அடுப்பைத் தணித்தார். "இது அவ பதிலு. நான் எடுத்துக் குடுக்க மாட்டன்."

பெண் இறங்கி வந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா அவள் தட்டில் குழம்பை ஊற்றினார். அவள் போதும் என்று கை காட்டினாள். அவ்வளவுதான்.

பள்ளியில் விட அக்காவே லீவு போட்டுக் கூட்டிப் போனார். பெட்டி தூக்க நான் ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். கிருஷ்ணகிரி பஸ்ஸில் இடம் போட்டுவிட்டு, அக்கா வாழைப்பழம் வாங்கக் கடைக்குப் போனார். பெண் பஸ் படிக்குப் பக்கத்தில் என்னோடு நின்றாள். கன்னடத்திலும் தமிழிலும் ஆட்களைக் கூவிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில், என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னிக்கி போன்ல நான் கொஞ்ச நேரம் வெக்காம இருந்தன்க்கா. அம்மா இருன்னு சொல்லுவாங்கன்னு. அவங்க இருன்னு சொல்லவே இல்ல."

"சொல்லியிருந்தா?"

அவள் தோளைக் குலுக்கினாள். கண் நிறைந்துவிட்டது. "நான் கூட இருக்கறது அவங்களுக்குக் கஷ்டம்போல."

நான் என்ன செய்தேன் என்று கேட்க வேண்டியதே இல்லை. அக்கா பழச் சீப்போடு வந்து நின்ற அந்த நொடியிலேயே கொட்டிவிட்டேன். "அக்கா, நீங்க இருன்னு சொல்லுவீங்கன்னு இவ காத்துக்கிட்டு இருந்திருக்கா. அவ இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

அக்கா அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கண்டக்டர் விசில் ஊதினார், ஏறுங்க ஏறுங்க என்று தள்ளினார். இரண்டு பேரும் ஏறினார்கள். ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. பழச் சீப்பை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் அக்கா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். தனியாக. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சேத்துட்டீங்களா?"

"சேத்துட்டன்."

"பேசுனீங்களா?"

"சூளகிரி தாண்டனப்பறம் கேட்டன். எங்கூடவே இருந்துடறியா பாப்பான்னு."

"என்ன சொன்னா?"

அக்கா துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"இத எப்பவோ கேட்டிருக்கலாமேம்மான்னா. அட்மிசன் எல்லாம் ஆயிடிச்சே, இப்ப எப்பிடிம்மான்னா. அப்பறம் எந்தோள்ல சாஞ்சா. சின்னப் புள்ளையில சாஞ்சது. அப்பிடியே தூங்கிட்டா. கிருஷ்ணகிரி ஸ்டாண்டுல எல்லாரும் எறங்கிட்டாங்க, வண்டிய ஆஃப் பண்ணிட்டாங்க. எனக்கு அவள எழுப்ப மனசு வரல. கண்டக்டருதான் வந்து எழுப்புனாரு."